களமும் கொடியும்: பன்னாட்டு விளையாட்டு அரங்குகளில் அரசியல் எதிர்ப்பு

கேள்வியின் எல்லை

விளையாட்டில் அரசியலுக்கு இடமில்லை என்பது பன்னாட்டுப் போட்டிகளை நடத்தும் அமைப்புகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக எடுத்துரைத்து வரும் கொள்கை; அந்த நூற்றாண்டில் அரசியல் எதிர்ப்பு எதையும் காணாமல் கழிந்த ஒரு பத்தாண்டைக் கண்டெடுப்பது கடினம் என்பது வரலாறு. இரண்டுக்கும் இடையிலான இடைவெளியை வீரர்களின் ஒழுங்கீனம் என்று அமைப்புகளும், அமைப்புகளின் பாசாங்கு என்று எதிர்ப்பாளர்களும் விளக்குவது வழக்கம். இரண்டு விளக்கங்களிலும் ஓரளவு உண்மை இருப்பினும், எந்த எதிர்ப்பு பலன் தந்தது, எது மறுநாள் செய்தித்தாளில் ஒரு படமாக மட்டும் நின்றுபோனது, இந்த வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்னும் வினாக்களுக்கு அவை விடை தருவதில்லை. அந்த விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசியல் எதிர்ப்பு என்ற தொடர் இங்கே, ஆட்டத்தின் முடிவு, நடுவரின் தீர்ப்பு போன்ற போட்டி சார்ந்த குறைகளைக் கடந்து, ஓர் அரசின் செயலையோ சமூக அநீதியையோ சுட்டிக்காட்டும் பொருட்டுப் பன்னாட்டுப் போட்டியை ஒட்டி நிகழ்த்தப்படும் செயலைக் குறிக்கிறது. அதை நிகழ்த்துவோர் மூவகையினர்: களத்தில் நிற்கும் வீரர், அணியை அனுப்பவோ தடுக்கவோ வல்ல அரசு, அரங்கிலும் வீதியிலும் திரளும் பொதுமக்கள். இந்தப் பகுப்பைவிடப் பயனுள்ள இன்னொரு பகுப்பும் உண்டு. உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்காகக் களத்தை ஒரு மேடையாகப் பயன்படுத்தி, வேறெங்கோ நடக்கும் அநீதியைச் சொல்வது ஒருவகை; அணித் தேர்வு, உறுப்புரிமை, போட்டி நடத்தும் உரிமை என விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் அநீதியை எதிர்ப்பது மற்றொரு வகை. முன்னதை மேடை எதிர்ப்பு என்றும் பின்னதை உள்முக எதிர்ப்பு என்றும் வசதிக்காகப் பெயரிடலாம். மேடை எதிர்ப்பு கவனத்தை ஈர்க்கிறது. உள்முக எதிர்ப்பே விதிகளை மாற்றியிருக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால்தான் எதிர்ப்பாளர்களின் எதிர்பார்ப்பும் அமைப்புகளின் தடைவிதிகளும் அடிக்கடி பிழைபட்டன என்பதை வரலாற்று நிகழ்வுகள் காட்டுகின்றன.

கொடி ஏறும் இடத்தில்

ஒலிம்பிக் சாசனம், அதாவது ஒலிம்பிக் இயக்கத்தின் அடிப்படை விதிகளைத் தொகுத்துரைக்கும் ஆவணம், இந்தப் போட்டிகள் வீரர்களுக்கு இடையிலானவையே அன்றி நாடுகளுக்கு இடையிலானவை அல்ல என்று கூறுகிறது. நடைமுறையோ வேறு. வீரர் ஒருவர் தம் நாட்டு ஒலிம்பிக் குழுவின் வழியாகவே பதிவு பெறுகிறார். தொடக்க விழாவில் நாட்டுக் கொடியின் பின்னால் அணிவகுக்கிறார். வென்றால் அந்தக் கொடி ஏறுகிறது, நாட்டுப்பண் ஒலிக்கிறது. ஆகவே, எந்தக் கொடி, எந்தப் பெயர், எந்தப் பண் என்ற கேள்வி தீராத மண்ணிலிருந்து வரும் ஒருவர், பேசாமல் மேடையில் நின்றாலே ஓர் அரசியல் நிலைப்பாட்டை ஏற்றுக்கொண்டவராகிவிடுகிறார்.

தேசியக் குழுக்களின் வழியாக மட்டுமே வீரர்கள் பங்கேற்கலாம் என்ற ஏற்பாடு 1906இல் ஏதென்ஸ் நகரில் நடந்த இடைக்கால ஒலிம்பிக் போட்டிகளில் நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பும் அங்கேயே தொடங்கிவிட்டது. நீளம் தாண்டுதலில் இரண்டாம் இடம் பெற்ற அயர்லாந்து வீரர் பீட்டர் ஓ'கானர், தம்மைப் பிரிட்டன் வீரராகப் பதிவு செய்து பிரிட்டன் கொடியை ஏற்றியதை ஏற்க மறுத்து, கொடிக்கம்பத்தில் ஏறி அயர்லாந்தின் பச்சைக் கொடியை விரித்துக் காட்டினார். அவருடைய தோழர் கீழே நின்று காவலர்கள் கம்பத்தை நெருங்காமல் பார்த்துக்கொண்டார். 1960இல் ரோம் நகரில், தைவான் அணி தான் விரும்பிய பெயரில் பங்கேற்க அனுமதிக்கப்படாதபோது, எதிர்ப்புடன் பங்கேற்கிறோம் என்று எழுதிய பலகையை ஏந்தியபடி அணிவகுத்ததும் இதே வகையைச் சேர்ந்தது.

1936 பெர்லின் போட்டிகளில் இத்தகைய இரு நிகழ்வுகள் அருகருகே நடந்தன. மராத்தான் ஓட்டத்தில் முதலிடம் பெற்ற கொரியர் சோன் கீ-சுங், அப்போது தம் நாடு ஜப்பானின் ஆட்சியில் இருந்தமையால், ஜப்பானிய முறையில் திரிக்கப்பட்ட பெயருடன் ஜப்பானின் சின்னத்தை மார்பில் அணிந்து ஓட வேண்டியிருந்தது. பரிசளிப்பின்போது அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தமக்கு அளிக்கப்பட்ட ஓக் கன்றால் மார்பிலிருந்த சின்னத்தை மறைத்து நின்றார். சோல் நகரின் தோங்கா இல்போ நாளிதழ் அவருடைய படத்தை வெளியிட்டபோது அந்தச் சின்னத்தை அழித்துவிட்டு அச்சிட, இதழாளர்கள் சிறைப்பட்டனர். நாளிதழும் சில மாதங்கள் முடக்கப்பட்டது. பெர்லினிலேயே, ஆகஸ்ட் 15 அன்று ஜெர்மனிக்கு எதிரான ஹாக்கி இறுதி ஆட்டத்துக்கு முன், அணி நிர்வாகிகளில் ஒருவரான பங்கஜ் குப்தா உடைமாற்றும் அறையில் காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்து வைக்க, இந்திய வீரர்கள் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டுக் களமிறங்கியதை அணித் தலைவர் தியான் சந்த் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரால் ஆடிய அந்த அணி 8-1 என வென்றது. சோன் கீ-சுங் மறைத்த கொடியும் இந்திய வீரர்கள் மறைவில் வணங்கிய கொடியும் உணர்த்துவது ஒன்றே: அரசியலைக் களத்துக்குள் கொண்டுவந்தவர் வீரர் அல்லர், அது சடங்கின் பகுதியாக ஏற்கெனவே அங்கே இருந்தது, வீரர் அதற்குப் பணிய மறுத்தபோது மட்டுமே அது அரசியல் என்று பெயர் பெற்றது.

பதக்க மேடை: 1968

மேடை எதிர்ப்பின் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 1968 அக்டோபர் 16 அன்று மெக்சிகோ நகரில் நிகழ்ந்தது. 200 மீட்டர் ஓட்டத்தை 19.83 வினாடிகளில் முடித்து உலகச் சாதனையுடன் தங்கம் வென்ற டாமி ஸ்மித்தும், வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸும், அமெரிக்க நாட்டுப்பண் ஒலித்தபோது தலையைத் தாழ்த்திக் கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தி நின்றனர். கறுப்பின மக்களின் வறுமையைக் குறிக்க இருவரும் காலணியின்றிக் கறுப்புக் காலுறையுடன் மேடையேறினர். கார்லோஸ் தம் கையுறைகளை எடுத்துவர மறந்துவிட்டதால் ஒரே இணையைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. அந்த யோசனையைச் சொன்னவர் இரண்டாம் இடம் பெற்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன். ஸ்மித்தின் வலக்கையும் கார்லோஸின் இடக்கையும் உயர்ந்ததற்கு இதுவே காரணம். மூவரும் தத்தம் மார்பில் மனித உரிமைக்கான ஒலிம்பிக் திட்டத்தின் இலச்சினையை அணிந்திருந்தனர்.

இந்த இலச்சினைக்குப் பின்னால் இருந்த இயக்கம் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. சமூகவியலாளர் ஹாரி எட்வர்ட்ஸ் 1967இல் தொடங்கிய அந்த இயக்கம், தென்னாப்பிரிக்காவையும் ரொடீசியாவையும் போட்டிகளிலிருந்து விலக்குதல், முகமது அலியிடமிருந்து பறிக்கப்பட்ட குத்துச்சண்டைப் பட்டத்தை மீட்டளித்தல், பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஏவரி பிரண்டேஜைப் பதவியிலிருந்து நீக்குதல், கறுப்பினப் பயிற்றுநர்களைக் கூடுதலாக அமர்த்துதல் ஆகிய கோரிக்கைகளை முன்வைத்து, முதலில் புறக்கணிப்புக்கே திட்டமிட்டது. அதாவது, இயக்கத்தின் கோரிக்கைகள் உள்முகத் தன்மை கொண்டவை. முட்டி உயர்த்தியது, புறக்கணிப்பு கைகூடாமற்போன பின் எஞ்சிய வெளிப்பாடு. தென்னாப்பிரிக்கா பற்றிய கோரிக்கை ஆப்பிரிக்க நாடுகளின் அழுத்தத்தால் அந்த ஆண்டே நிறைவேறியது.

பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் வற்புறுத்தலால் ஸ்மித்தும் கார்லோஸும் அணியிலிருந்து நீக்கப்பட்டு வெளியேற்றப்பட்டனர். 1936இல் அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தபோது, பெர்லின் போட்டிகளைப் புறக்கணிக்கக் கூடாதென வாதிட்ட இதே பிரண்டேஜ், பதக்க மேடையில் ஜெர்மானியர் செய்த நாஜி வணக்கத்தில் குறை காணவில்லை. ஓர் அரசின் அதிகாரபூர்வ வணக்கம் அது என்பதே அதற்குரிய நியாயமாகக் கொள்ளப்பட்டது. மெக்சிகோவிலேயே இரு நாள் கழித்து 400 மீட்டர் ஓட்டத்தின் பதக்கங்கள் மூன்றையும் வென்ற அமெரிக்க வீரர்கள் கறுப்புத் தொப்பியுடன் மேடையேறி, நாட்டுப்பண் ஒலித்தபோது அதைக் கழற்றிவிட்டமையால் தண்டனைக்கு உள்ளாகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தண்டிக்கப்பட்டது கருத்தன்று, சடங்கின் குறுக்கீடே என்பது விளங்கும். போட்டிகள் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னர் அதே நகரின் திலாத்தெலோல்கோ சதுக்கத்தில் மாணவர் கூட்டத்தின் மீது படையினர் சுட்டுப் பலர் இறந்தபோதும், போட்டிகள் திட்டமிட்டபடியே நடந்தன.

புறக்கணிப்பு என்னும் அரசுக் கருவி

வீரர் மேடையேறி எதிர்ப்பதற்கு மாறாக, அரசோ தேசியக் குழுவோ அணியையே அனுப்பாமல் நிறுத்துவது புறக்கணிப்பு எனப்படும். 1956 மெல்போர்ன் போட்டிகளை, ஹங்கேரியில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து நெதர்லாந்து, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து ஆகியவையும், சூயஸ் தாக்குதலைக் கண்டித்து எகிப்து, ஈராக், லெபனான் ஆகியவையும் ஒரே நேரத்தில் புறக்கணித்தன. இதன் உச்சம் 1980இல் மாஸ்கோவில் எட்டப்பட்டது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை 1979 டிசம்பரில் நுழைந்ததைக் காட்டி அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் விடுத்த அழைப்பையொட்டி அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் விலகி நின்றன. நான்காண்டு கழித்து சோவியத் அணியும் அதன் நேச நாடுகளும் லாஸ் ஏஞ்சலிஸைப் புறக்கணித்துப் பதில் கொடுத்தன.

இவற்றின் அரசியல் விளைவு மிகச் சொற்பம். சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியது 1989இல். அதற்கும் மாஸ்கோ புறக்கணிப்புக்கும் தொடர்பு காட்ட எவராலும் இயலவில்லை. விளையாட்டு விளைவுகளோ கண்கூடானவை. வலிமை மிக்க பல அணிகள் வராத ஹாக்கிப் போட்டியில் ஆறு அணிகளே ஆடின. தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா இறுதியில் ஸ்பெயினை 4-3 என வென்று பெற்ற தங்கம், அணியின் திறமைக்குச் சான்றாக இருந்தபோதிலும், யார் யார் வரவில்லை என்ற அடிக்குறிப்புடனேயே இன்றும் பேசப்படுகிறது. ஆணையிடுபவர் அரசு, வாழ்நாள் வாய்ப்பை இழப்பவர் வீரர் என்பதும், எதிர்க்கப்படும் செயலுக்கும் விளையாட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதும் இவ்வகைப் புறக்கணிப்பின் இரு அடிப்படைக் குறைகள்.

ஆயினும், புறக்கணிப்பு எல்லா இடத்திலும் தோற்றது என்று பொதுமைப்படுத்துவது பிழையாகும். 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸின் இறுதிச் சுற்றை எட்டிய இந்திய அணி, எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால் அரசின் முடிவுப்படி ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அங்கம் வகித்த அந்த அணி தன் வரலாற்றின் மிகச் சிறந்த வாய்ப்பைக் கைவிட்டது. தனியே நோக்கினால் இதுவும் வீரர்கள் மீது சுமத்தப்பட்ட இழப்பே. ஆனால் அது ஒரு நாட்டின் தனிச்செயலாக நின்றுவிடாமல், நெடிய இயக்கம் ஒன்றின் கண்ணியாக அமைந்தது. அந்த இயக்கமே இத்துறையின் மிக முக்கியமான வரலாறு.

தென்னாப்பிரிக்கா: எதிர்ப்பு வென்ற வரலாறு

தென்னாப்பிரிக்க அரசு 1948 முதல் கடைப்பிடித்த இனவொதுக்கல் கொள்கை, மக்களை நிறத்தால் வகைப்படுத்தி, குடியிருப்பு, கல்வி, தொழில் ஆகியவற்றோடு ஆடுகளத்தையும் பிரித்தது. இந்திய வம்சாவளிக் கோல்ஃப் வீரர் பப்வா செவ்கோலம் 1963இல் டர்பன் நகரில் நேட்டால் ஓப்பன் போட்டியை வென்றபோது, வெள்ளையருக்கு மட்டுமே உரிய மன்றக் கட்டடத்துக்குள் நுழைய அவருக்கு உரிமை இல்லாததால், மழையில் வெளியே நின்றபடி பரிசைப் பெற்றார். வென்றவர் நனைந்துகொண்டிருக்க, தோற்றவர்கள் உள்ளே இருந்த அந்தப் படம் உலகெங்கும் பரவியது. இங்கே அநீதி விளையாட்டுக்கு வெளியே இருக்கவில்லை. யார் ஆடலாம் என்ற, விளையாட்டின் முதல் கேள்வியிலேயே இருந்தது.

ஆகவேதான் எதிர்ப்பாளர்களால் விளையாட்டு அமைப்புகளை அவற்றின் சொந்த விதிகளைக் கொண்டே மடக்க முடிந்தது. கவிஞர் டென்னிஸ் புரூட்டஸ் முதலியோர் தொடங்கிய தென்னாப்பிரிக்க இனவேறுபாடற்ற ஒலிம்பிக் குழு, பாகுபாட்டைத் தடுக்கும் ஒலிம்பிக் சாசனத்தைத் தென்னாப்பிரிக்காவின் ஒலிம்பிக் குழு மீறுகிறது என்று வாதிட்டது. அந்நாடு 1964 டோக்கியோ போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டு, 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே நீக்கப்பட்டது. புரூட்டஸ் அதற்குள் துப்பாக்கிச் சூட்டுக் காயத்தையும் ராபன் தீவுச் சிறையையும் கண்டுவிட்டிருந்தார். 1968இல், தென்னாப்பிரிக்காவில் கலப்பினத்தவர் என வகைப்படுத்தப்பட்டதால் அங்கே உயர்நிலை ஆட்டத்தில் இடமின்றி இங்கிலாந்து சென்று ஆடிய பேசில் டி'ஒலிவேரா, தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லவிருந்த இங்கிலாந்து கிரிக்கெட் அணியில் சேர்க்கப்பட்டபோது, அந்த அணியை ஏற்கத் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர் மறுத்தார், சுற்றுப்பயணம் கைவிடப்பட்டது. எதிரணியில் யார் இடம்பெறலாம் என்பதையும் ஓர் அரசே தீர்மானிக்க முனைந்தபின், அரசியல் வேறு விளையாட்டு வேறு என்ற வாதத்துக்கு வலுவில்லாமற்போனது.

பொதுமக்களின் எதிர்ப்பு இதற்கு இணையாக வளர்ந்தது. பிரிட்டனில் பீட்டர் ஹெய்ன் தலைமையிலான இளைஞர்கள் 1969-70இல் தென்னாப்பிரிக்க ரக்பி அணி சென்ற இடமெல்லாம் களத்துள் புகுந்து ஆட்டத்தை மறிக்க, அடுத்துத் திட்டமிடப்பட்டிருந்த கிரிக்கெட் பயணம் அரசின் வேண்டுகோளின்பேரில் ரத்தானது. 1976இல் நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றதைக் கண்டித்து இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகள், மான்ட்ரியல் ஒலிம்பிக்கைவிட்டு வெளியேறின; 1500 மீட்டர் ஓட்டத்தில் தான்சானியாவின் ஃபில்பர்ட் பாயியும் நியூசிலாந்தின் ஜான் வாக்கரும் மோதவிருந்த, உலகமே எதிர்பார்த்த பந்தயம் நடக்காமலே போனது. அடுத்த ஆண்டு காமன்வெல்த் நாடுகள் கிளெனீகிள்ஸ் உடன்படிக்கையின் வழியாகத் தென்னாப்பிரிக்காவுடனான விளையாட்டுத் தொடர்பைத் தடுக்க உறுதிபூண்டன.

அந்த உறுதியை மீறி 1981இல் தென்னாப்பிரிக்க ரக்பி அணி நியூசிலாந்துக்கு வந்தபோது, ரக்பியைத் தேசத்தின் உயிர்மூச்சாகக் கருதிய அந்த நாடு இரண்டாகப் பிளந்தது. ஜூலை 25 அன்று ஹாமில்டன் நகரில், வேலியைப் பிய்த்துக்கொண்டு சில நூறு பேர் மைதானத்துள் புகுந்து, கைகோத்தபடி களத்தின் நடுவே கூடி நின்றனர். சுற்றிலும் அமர்ந்திருந்த ரசிகர்கள் ஆத்திரத்தில் பாட்டில்களை வீசினர். சிறு விமானம் ஒன்று மைதானத்தை நோக்கி வருவதாகத் தகவல் வரவே, காவல்துறை ஆட்டத்தை ரத்து செய்தது. செப்டம்பர் 12 அன்று ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் நடந்த கடைசி டெஸ்ட் ஆட்டத்தின்போது, தாழப் பறந்த ஒரு சிறு விமானம் மாவுப் பொட்டலங்களை ஆடுகளத்தின் மீது தொடர்ந்து வீசியது. அவற்றுள் ஒன்று நியூசிலாந்து வீரர் கேரி நைட்டின் மீதே விழுந்து அவரைச் சாய்த்தது. ஆட்டம் முடிந்தது, நியூசிலாந்து வென்றது. ஆனால், தடுப்புக் கம்பிகளுக்கும் தலைக்கவசமணிந்த காவலர்களுக்கும் நடுவே மட்டுமே ஆடக்கூடிய ஆட்டத்தை வரவேற்க அதன்பின் எந்த நாடும் எளிதில் முன்வரவில்லை. இனவொதுக்கல் சட்டங்கள் தகர்ந்த நிலையில் 1991இல் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி மீண்டும் களம் கண்டது கொல்கத்தாவில். அடுத்த ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்குக்கு அந்நாட்டு அணியை அழைத்துச் சென்றவர், வெளிநாட்டில் இருந்தபடி புறக்கணிப்பு இயக்கத்தை நடத்திய, டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி.

இனவொதுக்கல் விளையாட்டுப் புறக்கணிப்பால் மட்டும் வீழ்ந்தது என்று கூறுவது மிகையாகும். உள்நாட்டுப் போராட்டமும் பொருளாதாரத் தடைகளும் அதைவிடப் பெரிய காரணங்கள். எனினும், இந்த எதிர்ப்பு வென்றதற்கான மூன்று காரணிகள் தெளிவாகத் தெரிகின்றன: அநீதி விளையாட்டின் உள்ளேயே இருந்தது, கோரிக்கை, விளையாட்டு அமைப்பின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருந்தது, பாதிக்கப்பட்ட தென்னாப்பிரிக்க விளையாட்டு அமைப்புகளே, தங்கள் நாட்டைப் புறக்கணிக்குமாறு உலகைக் கேட்டுக்கொண்டன.

அரங்குக்கு வெளியே

இந்த மூன்று காரணிகளைக் கொண்டு பிற எதிர்ப்புகளையும் மதிப்பிடலாம். 1978 உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்திய அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி எதிர்ப்பாளர்களைச் சித்திரவதை செய்த கடற்படைப் பள்ளி, இறுதி ஆட்டம் நடந்த அரங்கிலிருந்து சிறிது தொலைவிலேயே இருந்தது. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிய மே சதுக்கத் தாய்மார் போட்டிக்காக வந்த வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் பேசினர். அவர்களுடைய முகங்களை உலகம் முதன்முறையாகக் கண்டது. ஆட்சி அப்போது வீழவில்லை. ஆனால் மறைக்கப்பட்டது வெளிப்பட்டது. மேடை எதிர்ப்பு தரக்கூடிய பலன் இதுவே, அது சிறிதன்று.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் சுடர்த் தொடரோட்டம், திபெத்தில் நடந்த ஒடுக்குமுறையைக் கண்டித்த கூட்டங்களால் லண்டனிலும் பாரிஸிலும் குலைந்தது; புது டெல்லியில் ஓட்டப் பாதை சுமார் 2.3 கிலோமீட்டராகக் குறுக்கப்பட்டு, பொதுமக்கள் அண்டாதபடி பலத்த காவலுடன் நடந்தது. கால்பந்து வீரர் பைச்சுங் பூட்டியா சுடரை ஏந்த மறுத்தார். திபெத்தின் நிலை மாறவில்லை. மாறியது சுடரின் பாதைதான்: நாடுவிட்டு நாடு செல்லும் தொடரோட்டங்களைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அடுத்த ஆண்டே கைவிட்டது.

2009இல் இலங்கைப் போர் முடிந்த விதத்துக்குப் பொறுப்புக்கூறலை வேண்டி எழுந்த எதிர்ப்பும் ஆடுகளத்தை எட்டியது. 2013 ஜூனில் கார்டிஃப் நகரில் இந்தியாவும் இலங்கையும் ஆடிய சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியின்போது புலம்பெயர் தமிழர் சிலர் களத்துள் ஓடினர். அதே ஆண்டின் தொடக்கத்தில், ஆசியத் தடகளப் போட்டியில் இலங்கை பங்கேற்பதை ஏற்காத தமிழ்நாடு அரசு, அதைச் சென்னையில் நடத்த மறுத்தது. போட்டி புனேக்கு மாறியது. தொடர்ந்து, ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடவும் தடை வந்தது; அத்தடை, பெங்களூரு அணியில் அப்போது இருந்த தமிழரான முத்தையா முரளிதரனையும் உள்ளடக்கியது. இந்த எதிர்ப்பின் பின்னிருந்த துயரம் ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் கோரிக்கை ஐ.நா. மன்றத்தையும் இலங்கை அரசையும் நோக்கியதாக இருக்க, தடை விழுந்தது வீரர்கள் மீது; கோரிக்கையை நிறைவேற்றும் அதிகாரம் எந்த விளையாட்டு அமைப்பிடமும் இருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவை முன்னுதாரணமாகக் காட்டியவர்கள் கவனிக்கத் தவறிய வேறுபாடு இது.

விதியும் விதிவிலக்கும்

விளையாட்டு அமைப்புகளின் மறுமொழி பெரும்பாலும் தடையாகவே இருந்து வந்துள்ளது. ஒலிம்பிக் சாசனத்தின் விதி 50, ஒலிம்பிக் நடைபெறும் இடங்கள் எவற்றிலும் ஆர்ப்பாட்டமோ அரசியல், சமய, இனப் பரப்புரையோ கூடாது என்கிறது. 2021இல் 3,500க்கும் மேற்பட்ட வீரர்களிடம் கருத்துக் கேட்டபின், ஆட்டம் தொடங்குமுன் களத்தில் கருத்தை வெளிப்படுத்தலாம் என்று அது ஓரளவு தளர்த்தப்பட்டது. பதக்க மேடையில் தடை நீடித்தது. அந்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் கால்பந்து அணிகள் சில இனப் பாகுபாட்டுக்கு எதிராக ஆட்டத்துக்கு முன் மண்டியிட்டது இதனால் இயன்றது. 2022 பிப்ரவரியில், உக்ரைனில் போர் வேண்டாம் என்ற தாளைக் கேமராவுக்குக் காட்டிய உக்ரைன் வீரர் ஹெராஸ்கேவிச்சின் செயல் அமைதிக்கான பொது அழைப்பு என ஏற்கப்பட்டது; 2024இல் பாரிஸில், ஆப்கன் பெண்களுக்கு விடுதலை கோரும் வாசகம் பொறித்த துணியை ஆட்டத்தின் நடுவே விரித்த அகதிகள் அணியின் நடன வீராங்கனை மனிஷா தலாஷ் தகுதியிழந்தார்.

கிரிக்கெட்டில் இந்த எல்லைக்கோடு இன்னும் மங்கலானது. புல்வாமா தாக்குதலில் இறந்த காவல் படையினருக்கு மரியாதையாக 2019 மார்ச்சில் ராஞ்சியில் இந்திய அணி ராணுவ வகைத் தொப்பி அணிந்து ஆட, சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அனுமதி அளித்திருந்தது. 2023 டிசம்பரில், எல்லா உயிர்களும் சமம் என்று பொருள்படும் வாசகத்தைக் காலணியில் எழுதி ஆட விரும்பிய ஆஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜாவுக்கு அதே கவுன்சில் அனுமதி மறுத்ததுடன், பெர்த் டெஸ்டில் அவர் அணிந்த கறுப்புப் பட்டைக்காகக் கண்டனமும் தெரிவித்தது. முன்னது இந்தியக் கிரிக்கெட் வாரியம் கேட்டுப் பெற்ற அனுமதி, பின்னது தனிவீரரின் விருப்பம் என்று விதியின் நோக்கில் வேறுபாடு காட்டலாம். ஆனால் அந்த வேறுபாடே, விதி காப்பது அரசியலற்ற நிலையை அன்று, வாரியங்களின் அனுமதி பெற்ற அரசியலை என்பதை உறுதிப்படுத்துகிறது.

இதன் மறுபுறமும் கவனிக்கத்தக்கது. 2021 இருபது ஓவர் உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்க வாரியம் வீரர்கள் அனைவரும் மண்டியிட வேண்டும் என்று ஆட்டம் நடக்கும் நாளன்றே ஆணையிட்டபோது, குவின்டன் டி காக் அந்த ஆட்டத்திலிருந்து விலகி, பின்னர் வருத்தம் தெரிவித்து மண்டியிட்டார். ஆணையின்பேரில் செய்யும் எதிர்ப்பு, கொடி வணக்கத்தைப்போல இன்னொரு சடங்காகிவிடுகிறது. அதைச் செய்ய மறுப்பதே அப்போது எதிர்ப்பின் வடிவத்தைப் பெற்றுவிடுகிறது.

யார் கொடுக்கும் விலை

எதிர்ப்பின் பலன் எதுவாயினும், அதன் விலையைப் பெரும்பாலும் தனிமனிதரே கொடுத்திருக்கின்றனர். 2003 கிரிக்கெட் உலகக் கோப்பையில், ஜிம்பாப்வேயில் ஜனநாயகம் மடிந்ததற்குத் துக்கம் காக்கும் அடையாளமாக ஹராரே மைதானத்தில் கறுப்புப் பட்டை அணிந்த ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலோங்காவும் அந்தப் போட்டித் தொடரோடு தங்கள் பன்னாட்டு ஆட்டத்தை முடித்துக்கொண்டனர். நாட்டின் முதல் கறுப்பினப் பன்னாட்டுக் கிரிக்கெட் வீரரான ஒலோங்கா தாயகத்தைவிட்டே வெளியேறினார். 2016 ரியோ மராத்தானில் இரண்டாவதாக வந்த எத்தியோப்பியாவின் ஃபெயிசா லிலேசா, ஒரோமோ மக்கள் மீதான ஒடுக்குமுறையைக் காட்ட எல்லைக்கோட்டில் கைகளைக் குறுக்காகத் தலைக்கு மேல் உயர்த்தினார். நாடு திரும்ப அவருக்கு இரண்டாண்டுக்கு மேல் ஆனது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்கா, 1968இல் சோவியத் பண் ஒலித்தபோது முகத்தைத் திருப்பித் தலைகவிழ்ந்ததற்குப் பல ஆண்டுகள் ஓரங்கட்டப்பட்டார். 2022 கத்தார் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் நாட்டுப்பண்ணைப் பாடாமல் மௌனம் காத்த ஈரான் அணி, அடுத்த ஆட்டத்தில் அதைப் பாடியது.

காலம் கடந்து அமைப்புகள் தம் தீர்ப்பைத் திருத்திக்கொள்வதுண்டு. பீட்டர் நார்மன் 2006இல் இறந்தபோது அவருடைய உடலைச் சுமந்தவர்களுள் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தனர். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2012இல் நார்மனிடம் மன்னிப்புக் கோரியது. ஸ்மித்தும் கார்லோஸும் 2019 நவம்பரில் அமெரிக்க ஒலிம்பிக் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில் லிமா நகரில் நடந்த பான் அமெரிக்கப் போட்டிகளின் பதக்க மேடையில் முட்டி உயர்த்திய க்வென் பெரிக்கும் மண்டியிட்ட ரேஸ் இம்போடனுக்கும், அதே அமெரிக்க ஒலிம்பிக் குழு பன்னிரண்டு மாத நன்னடத்தைக் கண்காணிப்பை விதித்திருந்தது.

தொகுப்புரை

இதுவரை நோக்கியவற்றிலிருந்து மூன்று முடிவுகளைத் தொகுக்கலாம். முதலாவது, கொடியையும் நாட்டுப்பண்ணையும் மையமாகக் கொண்ட பன்னாட்டுப் போட்டி அரசியலற்றதாக இருந்ததில்லை. தடைவிதிகள் அரசியலை நீக்குவதில்லை, யாருடைய அரசியல் சடங்காகவும் யாருடையது குற்றமாகவும் கொள்ளப்படும் என்பதை மட்டுமே வரையறுக்கின்றன. இரண்டாவது, அரசுகள் தம் வெளியுறவுப் பூசல்களுக்காக மேற்கொண்ட புறக்கணிப்புகள் வீரர்களின் வாய்ப்பைப் பறித்த அளவுக்கு எதிராளியை அசைத்ததில்லை. மூன்றாவது, விளையாட்டு அமைப்பால் நிறைவேற்றக்கூடிய கோரிக்கையை, பாதிக்கப்பட்டோரின் அழைப்பையொட்டி, ஆண்டுக்கணக்கில் விடாது வலியுறுத்திய எதிர்ப்பே விதிகளை மாற்றியது. மற்றவை சாட்சியமாக நின்றன.

சாட்சியத்தின் மதிப்பைக் குறைத்து எண்ணுவதற்கில்லை. சோன் கீ-சுங் கன்றால் மறைத்த சின்னம் கொரியாவை விடுவிக்கவில்லை. ஆனால் 1988இல் சோல் நகரில் ஒலிம்பிக் நடந்தபோது, சுடரை ஏந்தி அரங்குக்குள் நுழைந்தவர்களுள் ஒருவர், எழுபத்தைந்து வயதைக் கடந்த அந்த மராத்தான் வீரர். அம்முறை அவர் அணிந்திருந்த உடையில் மறைக்க வேண்டிய சின்னம் எதுவும் இல்லை.